நூறு டொலரும் ஒரு படிவமும்: ஸ்காபரோ, மார்க்கம் கல்விச் சபைத் தேர்தல்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பள்ளிகளை நடத்தும் உள்ளூர்க் கல்விச் சபைக்கான தேர்தலில் நிற்க நூறு டொலரும் ஒரு படிவமும் போதும். நகரசபைக்கு நிற்பவர் 25 வாக்காளரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுக்கவேண்டும். கல்விச் சபைக்கு அதுகூடத் தேவையில்லை. கட்சி வேட்பாளராகத் தெரிவாக வேண்டியதில்லை, ஏனென்றால் உள்ளூராட்சித் தேர்தலில் கட்சியே கிடையாது. கனடியக் குடியுரிமை, 18 வயது, அந்தச் சபையின் எல்லைக்குள் குடியிருப்பு, அந்தச் சபைக்கு வாக்களிக்கும் தகுதி, இவ்வளவுதான். போட்டியிடும் வட்டாரத்துக்குள்ளேயே குடியிருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

இவ்வளவு எளிதாக நுழையக்கூடிய தேர்தல் என்பதால்தான் ரொறன்ரோவிலும் அதை அடுத்த மார்க்கத்திலும் எங்கள் தமிழ் ஆட்கள் அரசியலுக்குள் வந்த வழிகளில் இது முக்கியமானதாக ஆனது. நீதன் சாண், யுவனிதா நாதன், பார்த்தி கந்தவேள், யாழினி ராஜகுலசிங்கம், அனு சிறீஸ்கந்தராஜா என்று அந்த வரிசை நீளும். இவர்களில் சிலர் அதிலிருந்து நகரசபைக்குப் போனார்கள். ஒருவர் நாடாளுமன்றம் வரை போனார். இந்த ஆய்வு அவர்களின் சாதனைப் பட்டியல் அல்ல. இந்தத் தேர்தல் எப்படி ஓடுகிறது, வென்றவர் கையில் என்ன கிடைக்கிறது, அந்தக் கையிலிருந்து 2025-இல் அது எப்படிப் பறிக்கப்பட்டது என்பதைத்தான் பார்க்கப்போகிறேன். என் நிலைப்பாடு முதலிலேயே தெரிந்திருக்கட்டும்: இந்தப் போட்டியில் கல்வியைப் பற்றிய பேச்சு வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. வாக்குரிமை உள்ள ஆளை யார் தேடிக் கண்டுபிடிக்கிறார் என்பதுதான் தீர்மானிக்கிறது.

வாக்காளர் எங்கே?

ஒன்ராறியோவில் பொதுப் பணத்தில் நான்கு பள்ளி அமைப்புகள் இயங்குகின்றன: ஆங்கிலப் பொதுப்பள்ளி, ஆங்கிலக் கத்தோலிக்கப் பள்ளி, பிரெஞ்சுப் பொதுப்பள்ளி, பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பள்ளி. ஒரு வாக்காளர் இவற்றில் ஒன்றுக்கு மட்டும் வாக்களிக்கலாம். எதற்கு என்பதை அவரது பள்ளி ஆதரவுப் பதிவு சொல்கிறது. எதையும் குறிப்பிடாதவர் தானாகவே ஆங்கிலப் பொதுச் சபையின் வாக்காளராகிவிடுவார். கத்தோலிக்கச் சபைக்கு வாக்களிக்கக் கத்தோலிக்கராக இருக்கவேண்டும்.

சட்டப் புத்தகத்தில் இது ஒரு பத்தி. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு தெருவில் கதவு தட்டிப் போனால் இதுதான் முழுக் கதையும். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கின்றன. வேட்பாளரை ஊர்ப் பெயர் கேட்டு உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, அரை மணித்தியாலம் கதைத்தபின் வீட்டுக்காரர் சொல்வார்: "அண்ணை, உங்களுக்குப் போட எங்களுக்கும் விருப்பம்தான். ஆனா எங்கட பேப்பரில கத்தோலிக்கச் சபை எண்டெல்லோ கிடக்கு." அந்த அரை மணித்தியாலத்தில் இன்னும் பத்து வீடு போயிருக்கலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. கத்தோலிக்க உயர்பள்ளிகள் மற்றச் சமயப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கின்றன. சீருடையும் கட்டுப்பாடும் பிடித்துப்போய்ப் பல சைவக் குடும்பங்கள் பிள்ளைகளை அங்கே விடுகின்றன. அந்தப் பெற்றோர் தம் பிள்ளை படிக்கும் பள்ளியின் சபைக்கு வாக்களிக்க முடியாது. பிள்ளை படிக்காத பொதுச் சபைக்குத்தான் வாக்களிக்கலாம்.

இதைவிடப் பெரிய இடைவெளி குடியுரிமை. நிரந்தர வதிவிட உரிமையோடு இருக்கும் தாய் தகப்பன் எத்தனை பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும், பிள்ளையின் பள்ளிப் பிரச்சினை எவ்வளவு தெரிந்திருந்தாலும், வாக்கு இல்லை. அதே தெருவில் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறி இருபது வருடம் ஆன ஓய்வூதியருக்கு வாக்கு உண்டு. அவர் தவறாமல் போடவும் செய்வார். ஆகவே பள்ளியைப் பற்றி அதிகம் கவலைப்படும் ஆள் வாக்காளர் அல்லாதவராகவும், வாக்காளர் பள்ளியைப் பற்றி அதிகம் கவலைப்படாதவராகவும் இருக்கும் விசித்திரம் இந்தத் தேர்தலின் அடியில் கிடக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் கைதட்டு வாங்கும் வேட்பாளர் தேர்தலிரவு திகைத்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

மூன்றாவது சிக்கல் வாக்குச் சீட்டு. ரொறன்ரோவில் மேயர், நகரசபை உறுப்பினர், அதன்பின் கல்விச் சபை. 2022 ஒக்ரோபரில் ரொறன்ரோவில் வாக்களித்தவர்களே 30 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. அவர்களிலும் பலர் மேயருக்குக் குறியிட்டுவிட்டுக் கல்விச் சபைப் பகுதியை வெறுமையாக விட்டுவிடுவார்கள். குறியிடுபவரும் பெரும்பாலும் பெயரைப் பார்த்துத்தான் போடுகிறார். கட்சி அடையாளம் இல்லை. பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் நிற்கின்றன. ஊடகம் எட்டிப் பார்ப்பதில்லை. இப்படிப்பட்ட போட்டியில் தெரிந்த பெயர் ஒன்று இருந்தால் அதற்குத்தான் கை போகும்.

தமிழ் வேட்பாளருக்கு இது சாதகமா பாதகமா என்று பலர் வாதிட்டிருக்கிறார்கள். என் பார்வையில், தமிழர் செறிந்து வாழும் வட்டாரத்தில் சாதகம். ஆனால் ஒரே சீட்டில் நான்கு தமிழ்ப் பெயர் நின்றால் அந்தச் சாதகம் நாலாகப் பிரியும். முதலில் சுற்றுக்கு வருபவர் மற்றவர்களைச் சந்தித்து "நீங்கள் அடுத்த முறை நில்லுங்கோ" என்று கேட்பதும், அதற்கு ஊர்ச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் நடுவராக வருவதும் இதனால்தான். அது சனநாயகமா என்று கேட்டால் பதில் சங்கடமானது. நூறு டொலர் யாரிடமும் இருப்பதால் அந்தப் பேச்சு அடிக்கடி தோற்றும் போகிறது.

மார்க்கத்தில் கணக்கு வேறு. அந்த நகரம் 2003-இலேயே இணையவழி வாக்களிப்பைத் தொடங்கிவிட்டது. அங்கே வேட்பாளரின் வேலை, தபாலில் வந்த இரகசிய எண் உள்ள கடிதத்தை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது. ஒரு கதிரையில் உட்கார்ந்தபடியே முழுக் குடும்பமும் வாக்களித்து முடிக்கலாம் என்பதால், அங்கே கதவு தட்டும் தொண்டர் பேச்சை எப்போதும் அந்தக் கடிதத்தில் கொண்டுவந்துதான் முடிப்பார்.

பணம்

செலவு உச்ச வரம்பு 5,000 டொலர், அதோடு தகுதியுள்ள ஒவ்வொரு வாக்காளருக்கும் 85 சதம். வட்டாரத்தில் அந்தச் சபைக்கு 60,000 வாக்காளர் இருந்தால் 56,000 டொலர்வரை செலவிடலாம். அந்த வரம்பை நெருங்கும் கல்விச் சபை வேட்பாளர் அரிது. காரணம் செலவு செய்ய மனமில்லாமை அல்ல. பணம் கொடுப்பவர் இல்லை.

நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் நன்கொடை தரமுடியாது. தனியாள் ஒரு வேட்பாளருக்கு அதிகபட்சம் 1,200 டொலர் தரலாம். மத்திய, மாகாணத் தேர்தல் நன்கொடைகளுக்கு வரிச் சலுகை உண்டு; உள்ளூராட்சித் தேர்தலுக்கு இல்லை. ரொறன்ரோ நகரம் மேயர், நகரசபை வேட்பாளர்களுக்கு நன்கொடை தந்தோருக்கு ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. கல்விச் சபை வேட்பாளருக்குத் தந்தால் அதுவும் கிடையாது. ஆகவே நன்கொடை கேட்பவர் உறவையும் நட்பையும் மட்டும் நம்பித்தான் கேட்கவேண்டும்.

எங்கள் பழக்கம் ஒன்று இங்கே வில்லங்கத்தில் கொண்டுபோய் விடும். இராப்போசன விருந்து வைத்தால் வருகிறவர் கடித உறையில் காசு வைத்துத் தருவார். ஒன்ராறியோச் சட்டப்படி 25 டொலருக்கு மேல் காசாக வாங்கக்கூடாது. காசோலையோ வேறு தடம் உள்ள வழியோ வேண்டும். தந்தவர் யாரென்று கணக்கு வேண்டும். பிரசாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். வேட்புமனு கொடுப்பதற்கு முன் ஒரு சதமும் வாங்கவோ செலவிடவோ கூடாது. விருந்துக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு மனுக் கொடுக்கப் போகிறவர் தொடக்கத்திலேயே விதியை மீறிவிடுகிறார்.

தேர்தல் முடிந்த அடுத்த மார்ச்சில் நிதி அறிக்கை கொடுக்கவேண்டும். தோற்றவரும், போட்டியின்றித் தெரிவானவரும், ஒரு சதமும் செலவிடாதவரும் கொடுக்கவேண்டும். வரவோ செலவோ 10,000 டொலரைத் தாண்டினால் கணக்காய்வாளர் அறிக்கையும் சேரும். நேரத்துக்குக் கொடுத்தால் அந்த நூறு டொலர் திரும்பி வரும். தவறினால் 30 நாள் சலுகைக் காலமும் 500 டொலர் தண்டமும். அதையும் விட்டால் வென்றவர் பதவி இழப்பார். தோற்றவரும் அடுத்த பொதுத்தேர்தல் முடியும்வரை நிற்கமுடியாது. தோல்விக் கவலையில் இந்த அறிக்கையை மறந்துபோவதுதான் புதியவர்கள் வழக்கமாக விழும் குழி.

யார் நிற்கமுடியாது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். கல்விச் சபையில் வேலை செய்பவர் சம்பளமில்லா விடுப்பு எடுத்துத்தான் மனுக் கொடுக்கலாம். வென்றால் வேலையை விடவேண்டும். ரொறன்ரோ சபையில் ஆசிரியராகவும் உதவியாளராகவும் இருக்கும் தமிழர் கணிசம். பள்ளியை உள்ளிருந்து தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் உறுப்பினருக்குக் கிடைப்பது முழுநேரச் சம்பளமல்ல. மாணவர் தொகையைப் பொறுத்து மாறும் ஒரு மதிப்பூதியம். பெரிய சபைகளிலேயே அது ஒரு ஆசிரியரின் சம்பளத்துக்குக் கிட்டவும் வராது. வீட்டுக் கடன் கட்டும் எந்த ஆசிரியர் இதற்கு வேலையை விடுவார்?

நீதன் சாணின் பாதை

பொதுப் பதிவில் உள்ள ஒருவரின் பயணத்தைத் தொடர்ந்தால் இந்தப் பதவியின் இயல்பு தெளிவாகும். 2006-இல் மார்க்கத்தில் லோகன் கணபதி நகரசபைக்குத் தெரிவான அதே தேர்தலில், நீதன் சாண் மார்க்கத்தை உள்ளடக்கிய யோர்க் பிராந்திய மாவட்டக் கல்விச் சபைக்குத் தெரிவானார். 2010-இல் ரொறன்ரோ நகரசபைக்கு நின்று தோற்றார். அவர் விட்ட கல்விச் சபை இடத்துக்கு யுவனிதா நாதன் வந்தார். அடுத்து மாகாணத் தேர்தல்களில் நீதன் சாண் புதிய சனநாயகக் கட்சி வேட்பாளராக ஸ்காபரோ-றூஜ் றிவரில் நின்றார், வெல்லவில்லை. 2015-இல் ரொறன்ரோ சபையின் தலைவராக இருந்த சோன் சென் நாடாளுமன்றம் போனதும் அவர் இடம் வெறுமையானது. 2016 சனவரி இடைத்தேர்தலில் நீதன் சாண் அதை வென்றார். ஓராண்டு கழித்து, 2017 பெப்ரவரியில், நகரசபை இடைத்தேர்தலிலும் வென்றார். கல்விச் சபை இடம் மறுபடி வெறுமையானது.

2018-இல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே மாகாண அரசு ரொறன்ரோ நகரசபையை 47 இடத்திலிருந்து 25 ஆகக் குறைத்தது. வட்டாரங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. கல்விச் சபையின் எல்லைகளும் அதற்கேற்ப மாறின. பதவியிலிருந்த நீதன் சாண் ஸ்காபரோ-றூஜ் பார்க்கில் நூற்றுச் சொச்ச வாக்கில் தோற்றார். 2022-இல் அவர் திரும்பி வந்த இடம் மறுபடி கல்விச் சபை. 2024 நவம்பரில் அப்போதைய தலைவர் ரேச்சல் செர்னோஸ் லின் நகரசபை இடைத்தேர்தலில் வென்று விலகியதும், நீதன் சாண் ரொறன்ரோ சபையின் தலைவரானார். ஏறத்தாழ 235,000 மாணவர், 580-க்கு அண்மையான பள்ளிகள். கனடாவின் மிகப் பெரிய கல்விச் சபை அது.

இந்தப் பாதையில் எத்தனை முறை ஒரு கல்விச் சபை இடம் நடுவழியில் வெறுமையானது என்று பாருங்கள். சோன் சென் போனார், நீதன் சாண் போனார், செர்னோஸ் லின் போனார். 2023 நவம்பரில் பார்த்தி கந்தவேளும் ஸ்காபரோ தென்மேற்கில் நகரசபைக்குப் போனார். யுவனிதா நாதன் 2022-இல் மார்க்கம் நகரசபைக்கும் 2025-இல் பிக்கரிங்-புறூக்லின் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். அவர் மட்டும் மூன்று தவணை கல்விச் சபையில் இருந்துவிட்டே கிளம்பினார். யாரும் தவறு செய்யவில்லை. ஏணிப்படிபோல ஒரு பதவியை வைத்திருந்தால் ஏறத்தான் செய்வார்கள். ஆனால் பள்ளிப் பக்கம் நின்று பார்த்தால், சபையின் வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கப் பழகிய ஆள் பழகி முடிந்த கையோடு கிளம்பிவிடுகிறார்.

கையில் கிடைப்பது

1997-இல் அப்போதைய மாகாண முதலமைச்சர் மைக் ஹரிஸின் அரசு ஒன்ராறியோவின் பெரிய கல்விச் சபைகளை 129-இலிருந்து 72 ஆக ஒடுக்கியது; வரி விதிக்கும் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டது. அன்றுமுதல் பணம் மாகாணத்திடம். பாடத்திட்டம் ஏற்கெனவே மாகாணத்திடம். ஆகவே வாசலில் வேட்பாளரிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு நேர்மையான பதில் "அது எங்கள் கையில் இல்லை" என்பதுதான். 2015-இல் பாலியல் கல்விப் பாடத்திட்டம் வந்தபோது எழுந்த கோபம் கல்விச் சபைத் தேர்தல்களிலும் புகுந்தது. 2018-இல் அதை நிறுத்தியது மாகாண அரசுதான், எந்தச் சபையும் அல்ல.

தமிழ் வகுப்பும் இப்படியே. "தமிழைப் பள்ளிக்குள் கொண்டுவருவேன்" என்று துண்டுப் பிரசுரம் அடிக்காத தமிழ் வேட்பாளர் குறைவு. 25 பிள்ளைகளின் பெற்றோர் எழுத்தில் கேட்டால் தொடக்கநிலையில் ஒரு பன்னாட்டு மொழி வகுப்பைச் சபை நடத்தவேண்டும் என்ற விதி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதற்கு உறுப்பினர் தேவையில்லை. 25 கையொப்பம் வாங்க ஒரு அம்மாவோ அப்பாவோ போதும்.

அதிகாரமே இல்லை என்று அர்த்தமில்லை. தனி உறுப்பினர் ஒரு அதிபரைக்கூட மாற்றமுடியாது. அன்றாட நிர்வாகம் பணிப்பாளருடையது. ஆனால் சபையாகக் கூடி வாக்களிக்கும்போது அது கடிக்கும். 2017 நவம்பரில் ரொறன்ரோ சபை பள்ளிகளில் காவற்றுறையினரை நிறுத்தும் திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. 2022 மே மாதம், சிறப்புத் திட்டங்களுக்கான சேர்க்கையை மதிப்பெண், தெரிவுத் தேர்வு இவற்றிலிருந்து நீக்கி, ஆர்வம் காட்டுவோரிடையே குலுக்கலாக மாற்றியது. கணித, விஞ்ஞானத் திட்டங்களுக்குப் பிள்ளையைத் தயார்ப்படுத்த ரியூசனுக்குக் காசு கொட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெற்றோரிடம் அது எவ்வளவு கொதிப்பைக் கிளப்பியது என்று ஸ்காபரோவில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் கண்ணில் அந்த மாற்றம் நியாயமான நோக்கத்தோடு வந்து, மோசமாக விளக்கப்பட்ட ஒன்று. எது எப்படியோ, அது சபை எடுத்த முடிவு. அதற்கு ஐந்து மாதம் கழித்து நடந்த தேர்தலில் வாக்களித்தவர் தொகை மேலே சொன்ன 30 விழுக்காட்டுக்குக் கீழ்.

2025 யூன்

2025 யூன் 27-ஆம் திகதி கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை, ரொறன்ரோ கத்தோலிக்கச் சபை, ஒட்டாவா-கார்ல்ற்றன் சபை, டஃபரின்-பீல் கத்தோலிக்கச் சபை ஆகிய நான்கையும் மாகாண மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தார். தேம்ஸ் வாலி என்ற சபை அதற்கு முன்பே, ஏப்ரலில், மேற்பார்வைக்குள் போய்விட்டது. சொன்ன காரணம் நிதி நிர்வாகம். ரொறன்ரோவுக்கு ரோகித் குப்தா மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டார். தெரிவான 22 உறுப்பினரின் அதிகாரமும் அவர் கைக்குப் போனது. நீதன் சாண் தலைவராக இருந்த சபை கூடி முடிவெடுக்கும் சபையாக இருப்பது அன்றோடு நின்றது.

அமைச்சரின் பக்கத்தில் வாதமே இல்லை என்று சொல்லமாட்டேன். பிறான்ற் ஹால்டிமண்ட் நோர்போக் கத்தோலிக்கச் சபையின் நான்கு உறுப்பினர் 2024-இல் புதிய பள்ளிகளுக்குச் சிலைகளும் ஓவியங்களும் வாங்க இத்தாலிக்குப் போய், பயணத்துக்கு மட்டும் 45,000 டொலர் அளவில் செலவிட்டார்கள். இப்படி ஒரு செய்தி வந்தபின் "உள்ளூர்ப் பிரதிநிதித்துவம்" என்று பேசுபவர் குரல் எடுபடாது. ஆனால் ஒரு சபையின் இத்தாலிப் பயணத்துக்கும் ரொறன்ரோ சபையின் நிதிப் பற்றாக்குறைக்கும் தொடர்பில்லை. பணத்தை அளந்து தருபவரும் போதவில்லை என்று தண்டிப்பவரும் ஒரே ஆள் என்பதை ரொறன்ரோ உறுப்பினர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கேட்க வாக்காளர் இல்லை. 2025 நவம்பரில் நிறைவேறிய 33-ஆம் இலக்கச் சட்டமூலம் மேற்பார்வைக்குள் கொண்டுவரும் அமைச்சரின் அதிகாரத்தை இன்னும் விரித்தது. காவற்றுறையினரைப் பள்ளிக்குள் திரும்ப அனுமதிக்கவும் வைத்தது. 2017 வாக்கெடுப்பு அதோடு செல்லாக்காசு.

முன்னுதாரணம் ஒன்று உண்டு. 2002-இல் ரொறன்ரோ சபை வெட்டு விழுந்த வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்ற மறுத்தபோது, மாகாண அரசு போல் கிறிஸ்ரியை மேற்பார்வையாளராக அனுப்பியது. அந்த நிலையிலும் 2003 நவம்பர் கல்விச் சபைத் தேர்தல் நடந்தது, ஆட்கள் நின்றார்கள். அதற்கு ஒரு மாதம் முந்திய மாகாணத் தேர்தலில் ஆட்சி மாறியதால் அதிகாரமும் திரும்பி வந்தது. அன்று சபையில் இருந்து எதிர்த்த கத்லீன் வின் அந்த மாகாணத் தேர்தலில் வென்று, பத்தாண்டுக்குள் முதலமைச்சரும் ஆனார். 2003-இல் சபைக்கு நின்றவர்கள் அதிகாரம் திரும்பும் என்ற உறுதியோடு மனுக் கொடுக்கவில்லை. மனுத்தாக்கல் தொடங்கிய காலத்தில் ஆட்சி மாறுமென்று யாரும் எழுதிக் கொடுத்திருக்கவும் இல்லை.

சட்டப்படி அடுத்த தேர்தல் 2026 ஒக்ரோபர் 26. உறுப்பினர் பதவியையே எடுத்துவிடலாமா என்பது வரை அமைச்சர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இந்தச் சூழலில் நிற்கப்போகிறவர் வாசலில் என்ன சொல்லலாம்? "வரியைக் குறைப்பேன், பாடத்திட்டத்தை மாற்றுவேன், தமிழைக் கொண்டுவருவேன்" என்பவற்றை முதலில் கைவிடலாம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு உதவியாளர் கிடைக்காத தாய், வீட்டுக்குக் கிட்டிய பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட தகப்பன், இடைநிறுத்தப்பட்ட மகனுக்காக யாரிடம் முறையிடுவது என்று தெரியாத அம்மம்மா, இவர்கள்தான் உறுப்பினருக்குத் தொலைபேசி எடுப்பவர்கள். இந்த அழைப்பை எடுத்து, எந்த அலுவலரிடம் எந்தக் கடிதம் போகவேண்டும் என்று சொல்லி, பதில் வரும்வரை விடாமல் துரத்துவதுதான் அந்தப் பதவியில் நாள்தோறும் நடக்கும் வேலை. சபையின் வாக்கைப் பறித்த மேற்பார்வையாளரால் இந்த அழைப்புகளை நிறுத்தமுடியாது. அவை இப்போது வேறு ஒரு மேசைக்குப் போகின்றன, அவ்வளவுதான். அந்த மேசையில் இருப்பவரை அந்த அம்மம்மா 2026 ஒக்ரோபரில் வாக்குப் போட்டு எழுப்பமுடியாது. வேட்பாளர் இதைச் சொல்லிக் கேட்கலாம். கேட்கும் முன், அம்மம்மாவின் பெயர் பட்டியலில் எந்தச் சபைக்குப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போகவேண்டும்.